முதுகில் இருந்த பெயர்

ரூபேந்திரனைத் தாங்கிப் பிடித்து மாடியேற்றுவதற்குள் அவனோடு வேலை பார்க்கும் கூட்டாளி செல்வாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஷாநவாஸ் பாயின் அலுவலகம். காப்புறுதிக் கம்பெனிகளுக்காக விபத்துகளைத் துப்பறிந்துகொண்டிருந்தவர், இப்போது அடிபட்டவர்கள் பக்கம் வந்துவிட்டார். கால் உடைந்தவர்கள் தேடி வருகிற ஆளுக்கு மாடியில் அலுவலகம். நல்ல பொருத்தம்தான் போங்கள்.

அவருடைய உதவியாளர் லோஷினி, கேட்பதற்கு முன்பே காலுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

ரூபேந்திரன் வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னான். மீன் கிடங்கின் குளிரறையில், கோல்ட் ரூமில், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஏதோ இடித்தது. கண் விழித்தபோது கேட்டுக்கு வெளியே, லொங்காங் சாக்கடைத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிள். கணைக்கால் எலும்பு ஒடிந்து, உள்ளே கம்பி வைத்தும் இன்னும் கூடவில்லை. மறுபடி அறுக்க வேண்டுமாம்.

"சொந்த வேலையா வெளிய போயி நானே விழுந்தேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு, பாய். அதனால நஷ்டஈடு இல்லையாம். வீட்ட காலி பண்ணச் சொல்றாங்க. பொண்டாட்டி புள்ளைங்க இப்ப மாமியார் வீட்டுல." முக்காலியில் கிடந்த காலைப் பார்த்தான். "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. விழுந்துதான் இருப்பேனோ என்னமோ."

அவன் குரலில் கோபமில்லை, அழுகையுமில்லை. கால் விரல்களைப் போலவே மனசும் மரத்துக் கிடந்தது.

அன்றைக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டை அவன் கொண்டுவந்த பையிலிருந்து லோஷினி எடுத்து விரித்தாள். முதுகில் வெள்ளை எழுத்தில் கம்பெனி பெயர். கடைசி எழுத்து பிய்ந்து தொங்கியது. பெயரின் மேல், துவைத்தும் போகாத பூச்சிக் கறைகள். மார்புப் பக்கம் சுத்தமாக இருந்தது.

"ஆஸ்பத்திரியில இதை எப்படி கழட்டினாங்க?" என்றார் பாய்.

"படுத்திருந்தேன். நர்ஸ் நெஞ்சுப் பக்கம் ஜிப்ப இறக்கினாங்க."

பாய் செல்வாவிடம் திரும்பினார். "நீங்கதான் சாட்சியாமே, தம்பி?"

"ஆமா பாய். கூட்டாளியா இருந்தாலும் பாத்தத சொல்லித்தானே ஆகணும்? இவனுக்குப் பின்னாலதான் நானும் மோட்டார்ல வந்தேன். கேட்ட தாண்டினதும் ஈரத்துல சறுக்கிட்டான்."

"ஹெல்மெட் போட்டிருப்பாரே. இவர்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"முதுகுல கம்பெனி பேரு, பிஞ்ச எழுத்து. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

பாய் தேநீரை ஒரு வாய் குடித்தார். "லோஷினி, காலையில மோட்டார்ல வந்தியே, ஜாக்கெட்ட எப்படிம்மா போட்டுக்கிட்ட?"

"எப்பவும் போலதான் பாஸ், முன்பின்னா திருப்பி…" பாதியில் நிறுத்தினாள். "அலமாக்," என்று மெதுவாக வியந்தாள்.

"நம்ம ஊர்ல மோட்டார் ஓட்டுற முக்காவாசிப் பேர் அப்படித்தான். முதுகுத் துணி நெஞ்சுக்கு வந்தா காத்து அடிக்காது. இவரும் அப்படி ஓட்டுறவர்தான். இல்லேன்னா முதுகுப் பேர் மேல பூச்சி எப்படி மோதும்? வண்டியில போறப்ப அந்தப் பேரு நெஞ்சுல இருக்கும். பின்னால வர்றவனுக்குத் தெரியாது. ஆனா ஆஸ்பத்திரியில ஜிப்பு நெஞ்சுப் பக்கம் இருந்திருக்கு. கோல்ட் ரூம்ல போட்டிருந்த மாதிரியே. அன்னைக்கு இவர் வண்டியில ஏறவே இல்ல."

பாய் மறுபடி செல்வாவிடம் திரும்பினார்.

"பேரைப் பின்னாலிருந்து பாத்தது நிஜம்தான் தம்பி. ரோட்டுல இல்ல, உள்ள. என்ன ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஃபோர்க்லிஃப்ட்," என்றான் செல்வா. "லைசென்ஸ் இல்ல. பெட்டிய உசத்தி அடுக்கியிருந்தேன், கிட்ட வந்தப்புறம்தான் முதுகு தெரிஞ்சுச்சு. செத்துட்டான்னு நெனச்சோம். மேனேஜர்தான் வெளிய தூக்கிப் போட்டு, இவன் மோட்டாரையும் பக்கத்துல தள்ளச் சொன்னாரு."

ரூபேந்திரன் தனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் காரில் கூட்டிப் போனவன் இவன்தான்.

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டா இவருக்கு நஷ்டஈடு கிடைக்க வழி இருக்கு. உங்க வேலை போகும். போலீசும் வரும்," என்றார் பாய்.

"போடுறேன்."

லோஷினி தட்டச்சு செய்தாள். செல்வா கையெழுத்துப் போட்டுவிட்டு, கிட்டே வரத் தயங்கி, சுவரோரமாக நின்றான்.

"என்னைத் தூக்கினப்ப எந்தப் பக்கம் புடிச்ச?" என்று கேட்டான் ரூபேந்திரன்.

"கால் பக்கம்."

ரூபேந்திரன் முக்காலியிலிருந்து காலை இறக்கினான். பிறகு கையை நீட்டினான். கீழே இறங்க வேறு தோள் இல்லை. பாதிப் படியில் கால் வலிக்கத் தொடங்கியது. அடிபட்ட நாளிலிருந்து அழாதவன், செல்வாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதான்.