ஹாலுக்கு வந்த பத்தாயம்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பகலில், தஞ்சாவூரில் யூனுஸ் பாயின் பழைய மரச்சாமான் கிடங்கு வாசலில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மின்வாரியப் பொறியாளன் இனியவன், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் அவன் மனைவி பூவிழி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் செம்மொழி. புறவழிச்சாலைக்கு அப்பால், முன்பு வயலாக இருந்த மனையில் வீடு கட்டிப் புதிதாகக் குடியேறியவர்கள். ஹாலில் ஒரு சுவர் வெறிச்சென்று இருந்தது. அங்கே வைக்க இடுப்பு உயரத்தில் நீளமாக ஓர் அலமாரி வேண்டும். கடைக்காரர்கள் அதைக் கிரெடென்ஸா என்கிறார்கள். நமக்கென்ன, தட்டும் டம்ளரும் வைக்கிற பெட்டிதான்.

பூவிழி ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஷோரூமில், வெள்ளை வெளேரென்று. கதவைத் தொட்டால் ஓசையில்லாமல் தானே போய் மூடிக்கொள்ளும்.

"அது மரத்தூளும் பசையும்மா," என்றார் யூனுஸ் பாய். "நம்ம ஊரு ஈரத்துக்குக் கல்யாண வீட்டு அப்பளம் மாதிரி உப்பிக்கும்."

"உங்க சாமான் மட்டும் உப்பாதா பாய்?"

"இது உப்பி முடிச்சு, காஞ்சு முடிச்சு, பேரன் பேத்தி எடுத்த மரம்."

சாக்கை விலக்கினார். கறுத்த தேக்கு. இரண்டு பக்கமும் அகலக் கதவுகள். நடுவில் மட்டும் இரும்பு வளையம் போட்ட ஒரு சின்னச் சதுரக் கதவு, ஒரு முறம் அகலம்கூட இருக்காது.

"பத்தாயப் பலகைய அறுத்துச் செஞ்சது. நெல்லை மேல கொட்டுவாங்க, வேணும்கிறப்ப இந்தக் கீழ்க்கதவைத் திறந்து அள்ளுவாங்க. அழகுக்கு அப்படியே விட்டுட்டோம்."

"எந்த ஊருப் பத்தாயம்?" என்று கேட்டான் இனியவன்.

திருவையாற்றுக்குக் கிழக்கே ஓர் ஊரையும், அங்கே இடித்த பெரிய பண்ணை வீட்டையும் பாய் சொன்னார். இனியவன் முகம் மாறிவிட்டது. அது அவனுடைய அப்பாவின் ஊர்.

"எங்க ஆளுங்க தலைச்சுமையா சுமந்துபோயி ரொப்பின பத்தாயம் பூவு," என்றான் மெல்ல. "அந்த வீட்டுக் கொல்லையத் தாண்டி எங்கப்பா உள்ள போனதில்ல. இனிமே அது நம்ம ஹாலுல நிக்கட்டும். அதுல என் செருப்ப வைக்கிறேன்."

"செருப்பு வைக்கவா இத்தனை பெருசு?" என்று சிரித்தாள் பூவிழி. வெள்ளை அலமாரிதான் இன்னும் அவள் கண்ணில் நின்றது. ஆனாலும் அவன் பலகையைத் தடவின விதத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டாள்.

செம்மொழி அதற்குள் சின்னக் கதவைத் திறந்து கையை விட்டிருந்தாள்.

"அம்மா, உள்ள சூடா இருக்கு."

மழை நாளில் அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செம்மொழி சாப்பாட்டுப் பிள்ளை. தட்டை வழித்து விரலைச் சூப்பிவிட்டு, அப்பா தட்டையும் எட்டிப் பார்க்கிறவள். பெட்டி வந்த வாரமே பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் கதவருகே உட்கார்ந்தாள். பிறகு வாயே திறக்கவில்லை.

"வாயெல்லாம் சுணையா இருக்கும்மா" என்றாள். நெல் தூற்றும்போது மேலில் ஒட்டி அரிக்குமே, அந்தச் சுணை. வயல் பக்கமே போகாத பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கழுத்திலும் முதுகிலும் சொறிந்து சொறிந்து தோல் சிவந்தது. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பூவிழி விடுப்புப் போட்டாள். பிரசாதம் வாங்கி வந்தாள், தர்காவில் மந்திரித்த தண்ணீர் வாங்கி வந்தாள். ஒரு ஸ்பூன் பால் உள்ளே போனால் போதும் என்று காலையிலிருந்து கிண்ணமும் கையுமாக அலைந்தாள். உதட்டில் வைத்தால் வழிந்துவிடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "ஒரு வாய் கண்ணு, அம்மாவுக்காக ஒரே வாய்," என்று கெஞ்சினாள்.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிருந்தது. மழை இருட்டு. பருப்புச் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்துகொண்டு பூவிழி தரையில் உட்கார்ந்திருந்தாள். செம்மொழி பெட்டியில் சாய்ந்து கிடந்தாள்.

முதலில் ஒரு மணி நெல் பலகையில் விழுகிற சத்தம்.

பிறகு இன்னொன்று.

பிறகு மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்த மாதிரி, சரசரவென்று, நிற்காமல், பெட்டிக்கு உள்ளே.

பூவிழி சின்னக் கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. புழுங்கின நெல் வாடை மட்டும் முகத்தில் அடித்தது. எதிரொலியாக இருக்கும், மொட்டைமாடியில் விழும் மழையாக இருக்கும் என்று கணக்குப் போட்டபடியே கையை விட்டாள். முழங்கை போயிற்று. அந்தப் பெட்டியின் ஆழமே அவ்வளவுதான்.

தோள்வரை போயிற்று.

பின்பலகை தட்டுப்படவில்லை.

ஒரு சின்ன விரல், காய்ந்த குச்சியைப் போல, அவளுடைய சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்தது.

பூவிழி வாயைத் திறந்தாள். செம்மொழியின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது.

"கத்தாதம்மா," என்று கிசுகிசுத்தாள். "கத்துனா வாய்க்குள்ள போயிடும்."

பேத்திக்கு உடம்பு சரியில்லை என்று அதுவரை ஊருக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று பூவிழி போட்ட போனில் இனியவன் அலுவலகத்திலிருந்து ஓடிவந்தான். அடுத்த பேருந்தைப் பிடித்து அவனுடைய அப்பா செல்லதுரையும் வந்து சேர்ந்தார். நனைந்த குடையை மடக்கிக்கொண்டே ஹாலுக்குள் ஒரு கால் வைத்தவர், அந்த இரும்பு வளையக் கதவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஏன்டா இங்க இருக்கு?"

"உங்களுக்குக் காட்டத்தான்ப்பா வாங்கினேன்."

வைத்த காலையும் எடுத்துக்கொண்டு அவர் வெளிப்படிக்கு இறங்கிவிட்டார். மழையில் நின்றபடியே பேசினார்.

"எனக்கு மேல ஒரு அக்கா இருந்தா. தங்கம்மா. இவ வயசுதான். அறுவடைச் சமயம், களத்துலேருந்து வந்து வந்து மேல நெல்லக் கொட்டுறாங்க. கொல்லையில எங்கம்மா கூலி நெல்லுக்கு முந்தானைய ஏந்திக்கிட்டு நிக்குது. அக்கா அந்தக் கீழ்க்கதவு வழியா உள்ள பூந்துட்டா. பட்டினி கெடந்த உடம்பு, பூந்துக்கிச்சு. கதவு தொறந்து கெடக்கேன்னு எவனோ சாத்திட்டுப் போயிட்டான். நாங்க வாய்க்கால்ல தேடுறோம், ஆத்துல தேடுறோம். வெதைப்புக்கு நெல்லு அள்ளுறப்பதான்..."

மடக்கின குடையைப் படியில் ஊன்றிக்கொண்டார்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எதைடா சொல்லச் சொல்ற."

உள்ளே செம்மொழிக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது.

செல்லதுரை இந்த முறை தயங்கவில்லை. பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். "அக்கா," என்றார். நரைத்த மனிதர், சின்னப் பையன் குரலில். "நான்தான் செல்லம் வந்திருக்கேன். இது நம்ம புள்ள. விட்டுடு அக்கா."

உள்ளே நகத்தால் பலகையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது.

இனியவன் கடப்பாரையைக் கொண்டுவந்து மேற்பலகையில் ஓங்கிப் போட்டான். மரம் அசையவில்லை. பிள்ளையின் முகம் நீலம் பாரித்தது. நெஞ்சு ஏறியது, இறங்கவில்லை.

"அங்க இல்லீங்க, கதவு, அந்தக் கதவைத் திறங்க," என்று பூவிழி வளையத்தைப் பிடித்துத் தொங்கினாள். மத்தியானம் தொட்டவுடன் திறந்த கதவு, இப்போது சுவரைப் போல இருந்தது. அவள் நகம் பெயர்ந்தது. இனியவன் கடப்பாரை முனையை இடுக்கில் செருகி, முழு எடையையும் போட்டு நெம்பினான்.

கதவு தெறித்தது.

நெல் கொட்டியது.

அந்தப் பெட்டி கொள்ளக்கூடிய அளவைத் தாண்டியும் கொட்டியது. காலை மூடி, முழங்காலை மூடி, ஹால் முழுக்கப் பரவியது. பிள்ளை பின்னால் மாமனார் மடியில் இருக்கிறாள் என்று பூவிழிக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கையாலும் நெல்லைத் தோண்டினாள், அடியில் யாரோ இருப்பதைப் போல. "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே தோண்டினாள். தரை தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

பின்னால் ஒரு நீளமான மூச்சு.

"பசிக்குது," என்றாள் செம்மொழி.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. அப்பாவும் மகனும் பலகைகளைப் பெயர்த்து, நெல்லைச் சாக்கில் வாரி, எதிர் மனைக்குத் தூக்கிப்போய்ப் பெட்ரோல் ஊற்றினார்கள். மழை சற்று ஓய்ந்து, அந்திக்கு முன்னால் வருமே, ஒரு மஞ்சள் வெளிச்சம், அதில் தீ நிதானமாக எழுந்தது.

"உன் வெள்ளைப் பெட்டியவே வாங்கிடலாம் பூவு," என்று வாசலிலிருந்து கத்தினான் இனியவன். "உப்பினா உப்பிட்டுப் போவுது."

அடுக்களையில் பூவிழி தட்டு நிறையச் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். செம்மொழி தரையில் குந்தி உட்கார்ந்து, தலை நிமிராமல், பெரிய பெரிய கவளமாக அள்ளித் தின்றாள். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் தாய். அந்த ஒரு காட்சிக்காக என்ன கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?"

"போதுங்க," என்றது பிள்ளை.

பூவிழியின் கரண்டி நின்றது. பெற்ற தாயிடம் செம்மொழி அப்படிப் பேசினதே இல்லை.

பிள்ளை கவுனின் முன்பக்கத்தைத் தூக்கி மடியாகப் பிடித்துக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஒரு பருக்கை சிந்தாமல் அதில் வழித்துப் போட்டது. எழுந்து நின்றது. அன்னியர் வீட்டில் வந்து நிற்கிற பிள்ளையின் பணிவு அந்த முகத்தில் இருந்தது.

"யாருக்குடா கண்ணு அது?"

"எங்க அம்மாவுக்குங்க."

"அம்மா இங்கதான இருக்கேன்."

"இல்லைங்க," என்றது பிள்ளை, அவளுக்குப் புரியும்படி, பொறுமையாக. "அவங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க. நான் போவணும்ங்க."

பூவிழி பாய்ந்து கொல்லைக் கதவில் முதுகைக் கொடுத்து, பிள்ளையை மடிச் சோற்றோடு இறுகக் கட்டிக்கொண்டாள். நெஞ்சோடு ஒட்டின அந்தச் சின்ன உடம்பு சூடாக இருந்தது. அது முரண்டு பிடிக்கவில்லை. கதவைப் பார்த்தபடி காத்திருந்தது.

பூவிழியின் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே, யாரோ ஈர முந்தானையை உதறி ஏந்தி விரிக்கும் சத்தம் கேட்டது.