பேர் சொல்லிக் கூப்பிடு

தாமியா என்று கூப்பிட்டால் மகள் திரும்பத்தான் செய்தாள். கூப்பிட்டவர் பக்கம் அல்ல. அடுப்படியிலிருந்து கூப்பிட்டாலும் வாசலிலிருந்து கூப்பிட்டாலும், அந்த ஆறு வயது முகம் கோத்தோபக்சி எரிமலை இருக்கும் திசைக்கே போனது. ஐந்து நாளாக வாற்கோதுமைக் கஞ்சி ஒரு வாய் இறங்கவில்லை.

எரிமலைப் பூங்காவில் வண்டி ஓட்டும் அப்பன் லிசார்தோ, ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்களோடு அவளையும் பனிப்பாறை விளிம்புவரை கூட்டிப்போயிருந்தான். மலை உள்ளுக்குள் உறுமியது. வீடு அளவு பனி சரிந்தது. பயந்த உயிர் அங்கேயே தங்கிவிட்டது. இனிப் பெற்றவள் போய், பிள்ளையின் சால்வையைத் தரையில் இழுத்தபடி, பேர் சொல்லி அழைத்துவர வேண்டும். வீடு சேரும்வரை பின்னால் பார்க்கக் கூடாது.

வண்டி நிறுத்துமிடத்தில் லிசார்தோ இறங்கவில்லை. "உசிரு வந்தா, வண்டியையும் கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லு."

"புள்ளைய மேல இழுத்துட்டுப் போன ஆளுதானே நீ? வாய மூடிட்டு உக்காரு" என்றாள் பெற்றவள் சோய்லா.

மேலே மூடுபனி அவள் முழங்கை வரைக்கும்தான் உலகத்தை விட்டுவைத்திருந்தது, கந்தக வாடை தொண்டையில் அரிக்க, பற்களுக்கிடையே சாம்பல் நறநறக்க, எங்கோ பக்கத்தில் பனிப்பாறை தூக்கத்தில் பல்லைக் கடிப்பவனைப்போலத் தனக்குள் நெறிபட்டுக்கொண்டிருக்க, சோய்லா சால்வையை விரித்து, "வா, தாமியா. வீட்டுக்குப் போலாம். வா, தாமியா" என்று அழைத்தாள்.

பின்னால் ஒரு கூழாங்கல் உருண்டது. சின்னக் கால். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அழைத்தபடியே இறங்கினாள். அந்த உயரத்தில் மூச்சு பிடிபடவில்லை. எந்த வளைவில் பேர் நழுவியதென்று அவளுக்கே தெரியாது. "வா" மட்டும் வாயில் நின்றது. வா. வா. வா.

சரளை நொறுங்கியது. ஆறு வயதுக் காலுக்கு அது கனம். இன்னொரு கால். கல்லில் இரும்பு முட்கள் உரசின, மலையேறுபவர்களின் பூட்ஸ். கயிறு இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள். ஆண் இருமல்.

எத்தனை வருடம், எத்தனை பேரைப் பயமுறுத்திய பனி அது. அவர்களை அழைக்க யாரும் வந்ததில்லை.

அவள் அழைத்துவிட்டாள். எல்லோரையும்.

திரும்பினால் தாமியாவும் போய்விடுவாள். திரும்பவில்லை.

அவள் வண்டியில் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்தது. மறுபடியும் தாழ்ந்தது. மறுபடியும்.

"பின்னால என்னடி ஏத்தற, பாறையா?" லிசார்தோவின் கை பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குப் போனது. சோய்லா கண்ணாடியைத் தட்டிக் கூரைப்பக்கம் திருப்பினாள்.

"ஓட்டு."

"சோய்லா..."

"ஓட்டுய்யா!"

வீட்டில் படுத்திருந்த மகள்மேல் சால்வையைப் போர்த்தினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். "தாமியா, வந்துட்டியா?"

சின்ன உதடுகள் பிரிந்தன. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. இன்னொரு மூச்சு போனது. இன்னொன்று. நெஞ்சு விம்மியது. சட்டைப் பொத்தான் தெறித்தது.

"வந்துட்டோம்."

அதன்பின் ஒரு சட்டிக் கஞ்சியையும் குடித்தாள். லிசார்தோ அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தியா? என் தங்கத்துக்குப் பசி வந்துருச்சு!"

விடியும் நேரம் கதவு தட்டப்பட்டது. தாழ்வாக. முழங்கால் உயரத்தில்.

சோய்லா திறந்தாள். யாரும் இல்லை. நிலைப்படியில் ஈரமாய் ஒரு சின்னப் பாதம் பதிந்தது. உள்ளே இன்னொன்று. படுக்கைவரை போயின. நின்றன.

"வண்டி நிக்கவே இல்லம்மா" என்றது, ஆளில்லாத இடத்திலிருந்து தாமியாவின் குரல். "நடந்தே வந்தேன்."

ஒரு விசும்பல்.

"உள்ள எடமில்லம்மா."

படுக்கையில் இருந்தவள் கண் திறந்தாள். சோய்லாவையே பார்த்தபடி, இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.