கேட்கக்கூடாத கேள்வி

கேட்கவே கூடாத நேரத்தில் புரோகிராம் கேள்வி கேட்டது.

'அடித்தளக் கதவு. திறக்கவா? ஆம் / இல்லை.'

கட்டடத்தின் பூட்டுகளை இயக்கும் அந்தப் புரோகிராமை எழுதியவளே அவள்தான். யாராவது கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு கதவுக்கும் நின்று கேட்கும். பதில்கள் இன்னொரு புரோகிராமிலிருந்து, கணினிக்குள்ளேயே ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்குக் கடத்தும் 'பைப்' வழியாக வந்தால், எதிரில் ஆளில்லை என்று புரிந்துகொண்டு வாய் திறக்காமல் வேலையை முடித்துவிடும். நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலை அது, அலுவலகமே காலி. எல்லாக் கதவுக்கும் 'இல்லை' என்ற ஒரே பதிலைப் பைப்பில் ஓடவிட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் இது நடந்தது.

எங்கோ ஒரு வரி பிசகியிருக்கும் என்று நினைத்து மறுபடி உட்கார்ந்தாள். ஏசியின் முனகல், சர்வர் அலமாரியிலிருந்து கசியும் சூடான தூசி வாசனை, ஜன்னலில் வழியும் மழையின் நிழல் மேஜைமேல் நெளிவது, எல்லாம் அன்றாடம் பார்த்துப் பழகியவைதான். ஆனால் அவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது.

திரையில் ஓர் எழுத்து விழுந்தது. 'ஆ'. சற்றுப் பொறுத்து இன்னொரு 'ஆ'. பின்னால் வந்தது அழிந்தது. 'ம்' சேர்ந்தது.

அவள் கைகள் மடியில் இருந்தன.

பைப்பில் வரும் பதில் தடுமாறாது. மொத்தமாக வந்து விழும். தப்பாக அடித்து அழிப்பது மனிதர்கள்தான். அதுவும் 'ஆ'வை இரண்டு தரம் தட்டிவிட்டு ஒன்றை அழிப்பது அவளுடைய பழக்கம். டீம் லீடர் அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டலடிப்பார்.

கீழே, வெகு ஆழத்தில், பூட்டு விலகும் சத்தம்.

'முதல் மாடிக் கதவு. திறக்கவா?'

வாசலில் இருந்த வாட்ச்மேனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, அடித்தளத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லையேம்மா." அவர் சற்று யோசித்தார். "நீங்கதானே இப்ப அங்கேருந்து ஏறி மேல போனீங்க? கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் ரூமை விட்டே வெளிய வரலண்ணே."

வாட்ச்மேனின் குரல் தாழ்ந்தது. "உள்ளயே இருங்கம்மா. கதவத் தெறக்காதீங்க."

புரோகிராமை நிறுத்தும் விசைகளை மாறி மாறி அழுத்தினாள். நிற்கவில்லை. சுவர் சுவிட்சை நோக்கிப் போன கை பாதியில் பின்வாங்கியது: மின்சாரம் போனால், தீ விபத்துக்குப் பயந்து வைத்த ஏற்பாட்டின்படி, எல்லாக் கதவும் தானாகத் திறந்துகொள்ளும். இன்னொரு பைப்பில் 'இல்லை'யைக் கொட்டினாள். இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் பக்கமாக ஓடியது. புரோகிராம் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அது ஓர் ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

கீபோர்டு வயரைப் பிடுங்கி, பலகையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

'ஆஆ'. அழிந்தது. 'ஆம்'.

பூட்டு விலகியது. முன்பைவிடப் பக்கத்தில்.

'இரண்டாம் மாடிக் கதவு.'

ஆம்.

நடைபாதையில் ஈரக் காலடி. அவசரமில்லாத நடை.

'இந்த அறை. திறக்கவா?'

காலடி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள். அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் அடக்கியது.

இந்த முறை தப்பே வரவில்லை.

'ஆம்'.

கதவு மெல்ல விலகியது. நடைபாதை இருட்டில் அவள் உயரம், அவள் புடவை. முகம் தெரியவில்லை. இடுப்பளவில் இரண்டு கைகளும் நீண்டிருந்தன. விரல்கள் காற்றில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் மடியில், வயர் இல்லாத கீபோர்டில், விசைகள் அமுங்கி எழுந்தன.

கேள்வியே இல்லாத திரையில் ஆம். ஆம். ஆம்.