ஓமான் சொன்ன நல்வரவு

துபாயின் தொழிலாளர் குடியிருப்பான சோனாப்பூரில், மீராசாவின் செல்போன் கடைக்குள் கார்மேகம் நுழைந்தபோதே, ஆள் அழுதுவிட்டு வருகிறான் என்பது பாஹிமாவுக்குப் புரிந்துவிட்டது.

"பாய், எங்க ரூம் அன்பரசன் மலை சைட்டுல விழுந்து கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். இடுப்புல சேஃப்டி பெல்ட்டோடதான் தூக்கியிருக்காங்க. ஆனா டூட்டியை விட்டு ஓமானுக்கு ஓடினான்னு கம்பெனி கேஸ் குடுக்கப் போகுது. கேஸ் விழுந்தா ஆபரேஷன் கிடையாது, அப்படியே ஊருக்கு ஏத்திருவாங்க."

பாஹிமாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் கணவர் மீராசாவோ, ஒரு போனின் உடைந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஓடினான்னு யார் சொன்னது?" என்றார். இந்த மனிதருக்குக் கோபமே வராதா என்று அவர்மேலும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

சொன்னவன் ஃபோர்மேன் ஜெயசீலன். மீராசா கேட்டுக்கொண்டபடி, மாலையில் கம்பெனி மேனேஜர் ஹசன் அலி அவனைக் கடைக்கே கூட்டிவந்து, அன்பரசனின் போனை மேசையில் வைத்தார். 'ஓமானுக்கு நல்வரவு' என்று ஓமான் நெட்வொர்க்கிலிருந்து நேற்று நண்பகல் வந்த செய்தி அதில் இருந்தது.

"வெயில் நேர ரெஸ்ட்டுக்கு எல்லாரும் கீழே இறங்கிட்டாங்க. நான் காலையிலேயே துபாய் ஆபீசுக்கு வந்துட்டேன். இவன் மட்டும் எல்லை தாண்டிட்டான்," என்றான் ஜெயசீலன். "எத்தனை தடவை கூப்பிட்டேன்னு நீங்களே பாருங்க." தன் போனையும் நீட்டினான்.

மீராசா அதை நிதானமாகப் புரட்டினார்.

"அந்த மலைக்கு இந்தப் பக்கம் எமிரேட்ஸ், அந்தப் பக்கம் ஓமான். அங்கே கடலோரத்துல பேசுற பாஷை அரபிக்காரங்களுக்கே புரியாது. ஆனா போனுக்கு எல்லை தெரியாதே. உச்சியில சும்மா நின்னாலே ஓமான் டவரைப் பிடிச்சுக்கும்."

"அப்போ இது ஓடினதுக்கு சாட்சி இல்லையா?" என்றார் ஹசன் அலி.

"உச்சியில நின்னதுக்கு சாட்சி." மீராசா ஜெயசீலனின் போனைத் திருப்பிக் காட்டினார். அதே நண்பகல், அதே நல்வரவு. "துபாய் ஆபீஸ்ல இருந்தவருக்கு ஓமான்காரன் எதுக்கு வணக்கம் சொன்னான்?"

தினமும் வந்து வந்து, அவன் கண்ணில் படாமலே போன செய்தி அது. ஜெயசீலன் போனைப் பிடுங்கப் பார்த்தான்.

"வெயில் நேரத்துல வெளிவேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம்," என்றார் மீராசா. "மத்தவங்க இறங்கினதும் இவனை மட்டும் மேலே ஏத்தியிருக்கீங்க. ஓடுறவன் எவனாவது சேஃப்டி பெல்ட் மாட்டுவானா? பெல்ட் கொக்கியைக் கயித்துல மாட்டுறதுக்குள்ள வெயில்ல மயங்கி விழுந்திருக்கான்."

"ஒரு மணி நேர வேலைதானேன்னு..." ஜெயசீலன் முணுமுணுத்தான்.

"ஓடுறதுக்குத் தெம்பு இருந்திருந்தா அவன் விழுந்திருக்கவே மாட்டானேடா," என்றாள் பாஹிமா.

ஹசன் அலி எழுந்தார். "கலாஸ் பாய், முடிஞ்சது. ஆபரேஷனுக்கு இப்பவே சொல்லிடறேன். கேஸ் வேண்டாம்."

மீராசா ஜெயசீலனின் போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஜெயசீலனை முறைத்தார்; அவர் ஒருவரை முறைப்பதை பாஹிமா அன்றுதான் பார்த்தாள்.

"கேஸ் வேணும். ஆளை மட்டும் மாத்திப் போடுங்க."