பெட்டிக்குள் வைத்த மூச்சு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கிட்டே. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். பட்டப்பகலில் நடந்தது, அதனால் விளக்கைப் போட்டுக்கொண்டாலும் பயனில்லை.

ஓர் ஆலோசகி இருந்தாள். பெரிய நோயில் பிழைத்தும் தேறாமல் கிடப்பவர்களின் மனக்காயத்தை ஆற்றுவது அவள் வேலை. அவர்களுக்குக் காய்ச்சல் போயிருக்கும், களைப்பு போயிருக்காது. படி ஏறினால் மூச்சு இரைக்கும். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வார்டு வந்து நிற்கும். வீட்டை விட்டு வர முடியாதவர்கள் ஆயிற்றே, எல்லாப் பேச்சும் வீடியோவில்தான். முன்பு ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஓர் அறை உண்டு. வேலை முடிந்தால் பூட்டிவிட்டு வருவாள். இப்போது படுக்கையறை மேசைதான் அந்த அறை.

ஒரு நாள் மத்தியானம் திரையில் வந்தவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் படுத்துத் தூங்கி மாதக்கணக்காகிவிட்டது.

"வார்டுல எனக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவுல ஒரு திரைச்சீலைதான் மேடம். முகமே பாத்ததில்ல. வயசான பொம்பளைக் குரல். 'தூங்கிடாதம்மா, நீ மூச்சு விட்டா நானும் விடுவேன்'னு சொன்னாங்க. மாத்தி மாத்தி விட்டுக்கிட்டே இருந்தோம்."

"அப்புறம்?"

"நான் தூங்கிட்டேன்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முழிச்சுப் பாத்தா கட்டில் காலி. இப்பவும் படுத்தா பக்கத்துல அந்த மூச்சு கேக்குது மேடம். பாப்பாவ என் பக்கத்துல போடவே பயமா இருக்கு."

"கண்ண மூடுங்கம்மா. ஒரு கனமான பெட்டிய நினைச்சுக்குங்க. அந்த மூச்ச உள்ள வச்சு மூடுங்க. அடுத்த வாரம் நாம சேந்து திறக்கலாம். அதுவரைக்கும் பெட்டிய எங்க வைக்கலாம்?"

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் பெட்டி வைக்கும் இடத்தை நோயாளிதான் தேட வேண்டும். கடலடியோ மலையுச்சியோ, எங்காவது.

"எங்க வீடே ஒத்த ரூம் மேடம். நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?" என்று உடைந்து அழுதாள் டீச்சர்.

ஆலோசகிக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, அழாதீங்க. என்கிட்ட வச்சுட்டுப் போங்க."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டு அவள் கணவன் சிரித்தான். "ஊரார் பயத்தையெல்லாம் நம்ம கட்டிலடியில அடுக்கிக்க. என் செருப்ப வைக்க மட்டும் இந்த வீட்ல இடமில்ல." அவளும் சிரித்தாள். அவன் இரண்டாம் ஷிப்ட் வேலைக்குக் கிளம்பிப் போனதும் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள்.

அறையில் மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை.

மூச்சு விட்டாள்.

பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டது.

மின்விசிறியாக இருக்கும் என்று எழுந்து அதை நிறுத்தினாள். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது, சளி உரசுகிற நெஞ்சின் கரகரப்போடு. அவள் மூச்சை அடக்கினாள்.

அதுவும் அடங்கியது.

அவளுக்காகக் காத்திருந்தது.

"தூங்கிடாதம்மா."

அடுத்த வாரம் டீச்சர் முகத்தில் தெளிவு. அவள் மடியில் குழந்தை வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தது. "அடிச்சுப் போட்டாப்ல தூங்குறேன் மேடம், இவள கட்டிப்பிடிச்சுக்கிட்டே!"

ஆலோசகியின் கண்களோ குழிவிழுந்து கிடந்தன. அவள் ஒரு பொட்டுக்கூடத் தூங்கியிருக்கவில்லை. முறைப்படி இப்போது பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். அவள் வாய் திறப்பதற்குள் டீச்சர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முகம் வெளுத்தது.

"மேடம்... அங்க கேக்குது."

ஆலோசகி சட்டென்று மைக்கைக் கையால் பொத்தினாள்.

"என்னோடதுதானே. குடுத்துடுங்க." சொல்லும்போதே டீச்சரின் கை, தன்னையறியாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டது.

ஆலோசகி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஃபேன் சத்தம்மா. நீங்க நிம்மதியா தூங்குங்க."

அந்த அறையில் அவள் விசிறி போட்டு ஒரு வாரமாகியிருந்தது.

பிறகொரு நாள் மத்தியானம் கணவன் காபியோடு உள்ளே வந்து, வாசலிலேயே நின்றுவிட்டான். மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆளில்லாத கட்டிலில் போர்வை மட்டும் மெல்ல மேலேறி, மெல்ல இறங்கியது.

"யாரது?" என்று கிசுகிசுத்தான்.

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"பேச்சுக் குடுக்காதீங்க. நான் விட்டாத்தான் அவங்க விடுவாங்க."

போய்ப் படுங்கள், தங்கங்களா. உங்கள் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை மூச்சே கேட்கட்டும். ஒன்று குறையவும் வேண்டாம், ஒன்று கூடவும் வேண்டாம்.