நாலாயிரம் பேரின் ஒரே கடிதம்

அன்று பெய்த மழைக்குக் கடலில் இருக்கும் மீன்களுக்கே சளி பிடித்திருக்கும். வானத்தைக் கிழித்தவர்கள் தைக்க மறந்துவிட்டுப் போனதுபோல் கொட்டியது... அந்த மழையில், நாலு கட்டுக் காகிதத்தைத் தார்ப்பாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, அரசாங்க அலுவலகத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள் மெக்கானிக்.

ஆமாம், மெக்கானிக்தான். அந்தக் கடற்கரையில் ஓடும் படகு எஞ்சின்களில் முக்கால்வாசி, அவள் கை பட்ட பிறகுதான் இருமலை நிறுத்தியவை. மூன்று நாளாக முரண்டு பிடிக்கும் எஞ்சின்கூட அவள் அந்தப் பக்கம் நடந்து போனாலே பயந்து ஸ்டார்ட் ஆகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. இரண்டு தடவைதான் அப்படி நடந்தது.

அவள் உள்ளே பாய்ந்த அதே நொடியில், கையில் டீ டம்ளரோடு ஒருவன் வெளியே வந்தான்.

டமார்!

டீ அவன் சட்டைக்குப் போனது. காகிதம் வாசலுக்குப் போனது. வாசலில் மழைத் தண்ணீர் கணுக்கால் ஆழம்.

"ஐயோ... கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியுதுங்க. ஆனா நீங்க வந்த வேகத்துக்குக் கண்ணு பத்தாது... சிக்னல் வேணும்."

வாயில் ஒரு வண்டி வசவோடு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். அந்தக் கண்கள்... அரசாங்க அலுவலகத்தில் இருக்கவே கூடாத கண்கள். எதிரில் நிற்பவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் இமைப்பேன் என்று அடம் பிடிக்கும் கண்கள். சட்டையில் சுடச்சுட டீ வழிய, அவன் குனிந்து தண்ணீரில் மிதந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மனு வாங்கும் கவுண்டரின் கிளார்க் அவன். மனுவில் தேதி முத்திரை குத்துபவன் என்பதால் ஊருக்கு அவன் சீல்காரர்.

"எண்ணெய்க் கிணத்துக்கு ஆட்சேபமா?" என்று கேட்டான்.

"ஆமா. நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு."

விஷயம் இதுதான். கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், ஊரே வலை போடும் படுகையின் நட்டநடுவில், ஒன்பது எண்ணெய்க் கிணறுகள் தோண்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. ஆட்சேபம் இருப்பவர்கள் எழுத்தில் கொடுக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஐஸ் பேக்டரி முற்றத்தில் ஊர் கூடியது. 'எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லணும். ஒரு எழுத்து மாறினாலும் ஊர் உடைஞ்சு போச்சும்பான்' என்று முடிவானது. புயல் வந்தாலும் சாவு வந்தாலும் ஒரே வாயாகப் பேசிப் பழகிய ஊர் அது. அந்த ஒரே கடிதத்தை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியவள் மெக்கானிக். ஜெராக்ஸ் கடை மெஷின் புகை கக்கும்வரை நகல் எடுத்து, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்தும் கைரேகையும் வாங்கியவளும் அவள்தான். ஊரில் போடாதவர் ஒரே ஒருவர். அவளுடைய அப்பா.

நனைந்த கடிதங்களை இருவரும் மேஜை மேஜையாகப் பரப்பினார்கள். பீரோ மேல், ஜன்னல் கம்பியில், மேலதிகாரியின் நாற்காலிக் கைப்பிடியில்... மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பறந்த ஒன்றைப் பிடிக்க இருவர் கையும் ஒரே நேரத்தில் போனது. அவள் விரலில் கிரீஸ், அவன் விரலில் ஊதா மை.

"உங்க கையக் கழுவவே மாட்டீங்களா?" என்றான் மெல்ல.

"உங்க கை மட்டும் சந்தனமோ?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே கையிலிருந்ததைப் படித்தான். அடுத்ததைப் படித்தான்... அதற்கடுத்ததையும். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மேடம்... எல்லாமே ஒரே வாசகமா?"

"ஒரு புள்ளிகூட மாறாது!" என்றாள் பெருமையாக.

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "இதையெல்லாம் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க. ஒரே வாசகத்துல எத்தனை பேர் குடுத்தாலும் விதிப்படி அது ஒரே ஆட்சேபம். ஒவ்வொருத்தரும் சொந்தமா, அவங்க பாட்டுக்கு எழுதணும். இன்னும் ஒம்பது நாள் இருக்கு. நான் இன்னும் சீல் அடிக்கல. அடிச்சுட்டா அவ்வளவுதான், அதே ஆள் மறுபடி குடுக்க முடியாது."

அவள் முகம் மாறிய வேகத்தில் வெளியே மழையே ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கும். இரண்டு வருஷம் முன்னால், குழாய் பதிக்க வந்தபோதும் இதே கட்டடத்தில்தான் 'நாளைக்கு வாங்க, திருத்திட்டு வாங்க' என்று ஊரை அலையவிட்டார்கள். பதினோராவது நடையில் கெடு முடிந்துவிட்டது.

"திரும்ப எடுத்துட்டுப் போகணுமா? கெடு முடியற வரைக்கும் இழுத்தடிக்கச் சொன்னாங்களா?"

"இல்லைங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"கம்பெனி எலும்பு போட்டா இப்படித்தான் குலைக்கத் தோணும். அடிங்க சீலை!"

அவன் முகம் சிவந்தது. காது மடல்வரை சிவந்தது. முத்திரையை எடுத்தான்... ஒரு கணம் அவளைப் பார்த்தான்... அவள் கண்ணை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

டக். டக். டக். டக். நாலு கட்டு, நாலு அடி.

தலை நிமிர்ந்து வெளியே போனாள் மெக்கானிக். அன்று ஊரில் அவளைத் தோளில் தூக்காத குறைதான்.

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இதுவரை வந்த ஆட்சேபங்கள்: 1.'

அந்த ஒற்றைக் கோட்டை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று கேட்டால், பலகையில் கரையான் ஏறும்வரை என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கவுண்டருக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவன் பாதி எழுந்தான். 'மன்னிச்சிடுங்க' என்ற சொல் அவள் தொண்டைவரை வந்து, எரிபொருள் குழாயில் அடைத்த கசடு மாதிரி நின்றுவிட்டது. திரும்பி நடந்தாள்.

ஊர் அவளைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். யாரும் திட்டவில்லை. "நீ நல்லதுக்குத்தானேம்மா செஞ்ச" என்று சொல்லிவிட்டுப் பழுதான எஞ்சின்களை எப்போதும்போல் அவள் பட்டறையில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மூன்று வார்த்தை அவளை ராத்தூக்கம் இல்லாமல் அரித்தது.

மிச்சம் இருந்தது அப்பா ஒருவர். இரண்டு பருவமாகப் படகு வெறும் வலையோடு திரும்பியதில் மனம் விட்டு, கம்பெனியின் காவல் படகில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வீட்டில் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் இப்போது ஒரு ஆரஞ்சுச் சட்டை தொங்கியது. அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.

"அப்பா... நாலு வரி எழுதுங்கப்பா. ஊர்ல இன்னும் குடுக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"ஒண்ணு ரெண்டாயிட்டா கடல் திரும்பி வந்துடுமா?"

"வராது..."

"தெரியுதுல்ல. இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு அந்தக் கையால எப்படிம்மா எழுதுவேன்? விடு."

விட்டாள். அப்பாவும் மகளும் அதன் பிறகு ஒரே தட்டில் சாப்பிடும் அந்நியர்களைப்போல் இருந்தார்கள்.

விசாரணை நாள் வந்தது. பெரிய கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் கம்பெனி. வலப்பக்கத்துக் கடைசி வரிசையில் ஆரஞ்சுச் சட்டையில் அப்பா, தரையைப் பார்த்தபடி. மேடையில் தொண்டை கட்டிய மேலதிகாரி எழுந்தார்.

"வந்த ஆட்சேபங்கள்... ரெண்டு."

கூடமே திரும்பிப் பார்த்தது. யார் அந்த இரண்டாவது? மெக்கானிக் அப்பாவைப் பார்த்தாள். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

அதிகாரி, மளிகைச் சீட்டு வாசிப்பவரைப்போல் வாசித்தார்:

"'நான் இந்த அலுவலகத்தில் மனு வாங்குபவன். எனக்குக் கடல் தெரியாது, நீச்சலும் தெரியாது. முதல் ஆட்சேபத்தை ஒவ்வொரு தாளாகக் கையில் எடுத்துக் காய வைத்தவன் நான். வாசகம் ஒன்றுதான். கைரேகை ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கிணறு வந்தால் படுகை போகும். படுகை போனால் படகு நிற்கும். படகு நின்றால் காலை ஆறு மணிக்குக் கேட்கும் எஞ்சின் சத்தம் நின்றுவிடும். அந்த எஞ்சின்களை ஓட வைப்பவர் யாரென்று தெரிந்த நாளிலிருந்து நான் அலாரம் வைப்பதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் இனி எனக்கு விடியாது. ஆகவே ஆட்சேபிக்கிறேன்.'"

மேடையின் ஓரத்தில், கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, காது மடல் சிவக்க நின்றான் சீல்காரன். அவள் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் நாலாயிரம் பேருக்கு முன்னால் கொட்டிவிடும்...

இரண்டு ஆட்சேபங்களும் தள்ளுபடி ஆயின. ஒன்பது கிணறுகளுக்கும் அனுமதி. எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிடம். அவள் ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டவே அதைவிட நேரம் ஆகும்.

ஒரு வாரம் கழித்து, முதல் இரும்பு மேடையை இரண்டு கப்பல்கள் இழுத்துக்கொண்டு வந்தன. ஒரு ஊரையே நாலு காலில் நிறுத்திவைத்தாற்போன்ற உயரம். கரையில் யாரும் கத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள், அவ்வளவுதான்.

அன்று மதியம் காவல் படகிலிருந்து திரும்பிய அப்பா, ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு வேலை போயிடுச்சா?"

"மாத்திட்டாங்க. மலை மேல."

"என்னிக்கு?"

"இன்னிக்கு."

கொஞ்ச நேரம் சட்டையின் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தார். "நான் எழுதியிருக்க வேண்டியத அவன் எழுதினான். போய்ப் பாத்துட்டு வாம்மா."

அவன் கடற்கரைச் சுவரில், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூறல். தூரத்தில் அந்த இரும்பு.

"எத்தனை மணிக்குப் பஸ்?"

திடுக்கிட்டு எழுந்தான். "நாலு பத்து."

"மலைக்கா?"

"மலைக்குத்தான். எந்தக் காலத்துலயும் கடல் வர முடியாத இடமாப் பார்த்து அனுப்புறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, நாற்பது நாளாக அடைத்திருந்ததும் வந்துவிட்டது. "நான்தாங்க கெடுத்தேன்... நீங்க சொன்னீங்க... நான் கேக்கல... மொத்த ஊரையும் நான் ஒருத்தி..."

"நீங்க ஒருத்தி இல்லைங்க."

"பின்ன?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு எலும்புன்னு சொன்னீங்கல்ல... எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சீலை மேஜைக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கலாம். ஊர்ப் பெரியவங்களக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். 'அழுதுக்கிட்டே வருவே, அப்பத் தெரியும்'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் அடிச்சேன். நாலு அடியும். விதி தெரிஞ்சவன் நான். பாதி என்னோடது. முழுசையும் நீங்களே சுமந்துக்கிட்டுத் திரியாதீங்க."

அறைந்திருக்க வேண்டும் அவள். ஒரு ஸ்பேனர் கையில் இருந்திருந்தால் அதற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் நாற்பது நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது அவளுக்கு. இந்தப் பெரிய உலகத்தில், அந்தச் சீலின் டக் டக் சத்தத்தைக் கேட்டு ராத்திரியில் கண் விழிக்கும் இன்னொரு ஜீவன்...

"அப்போ அந்தக் கடிதம் பரிகாரமா?"

"முதல் பாதி பரிகாரம். அலாரம் விஷயம்... பரிகாரம் இல்ல."

"வேற என்ன?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அதை வாசிச்சது உங்க ஆபீசர். தொண்டை கட்டின குரல்ல, மளிகைச் சீட்டு மாதிரி. அது எப்படிங்க செல்லும்? நீங்க சொல்லுங்க."

தூறல் அவன் இமையில் நின்றது. "பிடிச்சிருக்கு... ரொம்ப. டீ கொட்டின அன்னிலேருந்து."

"எனக்கும்தான்." சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள். பார்த்த இடத்தில் அந்த இரும்பு நின்றது. "ஆனா இப்ப வர முடியாது. இங்க இன்னும் முப்பது எஞ்சின் ஓடுது. கடைசி எஞ்சின் நிக்கிற வரைக்கும் நான் இருந்தாகணும்."

"நான் காத்திருக்கேன்."

"காத்திருந்து என்னன்னு வேண்டிக்குவீங்க? சீக்கிரம் நிக்கணும்னா?"

அவன் பதறிப்போனான். "ஐயோ... நிக்கவே கூடாதுன்னுதான்!"

"அப்போ நான் வரவே மாட்டேனே..."

அவன் தூரத்து இரும்பைப் பார்த்தான். கண்கள் நிறைந்து, நிறைந்து, வழிந்தன.

"வராதீங்க," என்றான்.

அவள் அவன் கையை எடுத்துத் தன் கிரீஸ் கைக்குள் இறுக வைத்துக்கொண்டாள். நாலு பத்து பஸ் ஹாரன் அடித்தபடி அவர்களைத் தாண்டிப் போயிற்று. அடுத்தது ஐந்தேமுக்காலுக்கு.