யோசினாவின் ஒற்றைச் செருப்பு

அப்பாவின் ஓடத்தை ஊர்க்காவலர்கள் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் மீன் வாசனையே இல்லை. தினமும் சாகோ பனை மாவுக் கூழும் எலுமிச்சைச் சாறும்தான். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலில் சாசி என்ற ஊர்த்தடை போட்டிருந்த காலம் அது. கழியில் தென்னங்குருத்தைக் கட்டி நட்டுவிட்டால், மீன் பெருகும்வரை அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. அந்த எல்லைக்குள், பாறையோரம், ஒரு காலையில் அப்பாவின் ஓடம் மிதந்தது. உள்ளே வலையும் கிடந்தது. கயிறு அறுந்து தானாகப் போய்விட்டது என்றார் அப்பா. யாரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் ஓடம் திரும்பி வராது.

பள்ளிக்கூடத்தில் யோசினாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அன்று டீச்சர் விதிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஊர் விதியை மனிதர்கள் போடுகிறார்கள், மீறினால் தண்டனை உண்டு என்றார். மேலே எறிந்த கல் கீழே விழுவது இயற்கையின் விதி என்றார்.

"அத மீறினா என்ன தண்டனை டீச்சர்?" என்று கேட்டாள் யோசினா.

"அத யாராலயும் மீற முடியாதும்மா. அதனால அதுக்குக் காவலும் வேணாம், தண்டனையும் வேணாம்."

வீடு வரும்வரை யோசினா மழையில் நனைந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நுரையெல்லாம் ஒரே பக்கமாக, தென்னங்குருத்துக் கழியை நோக்கிப் போனது.

ஞாயிறன்று கரையில் ஊரே கூடியது. யோசினா காவல் தலைவர் பர்னபாஸின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, தண்ணி இப்ப இறங்குது. எங்க ஓடம் கட்டுற எடத்துல எதையாவது மிதக்க விடலாம். அது எங்க போகுதுன்னு பாருங்க."

அவர் சரியென்று தலையசைத்தார். அவள் கீழே கிடந்த தேங்காயை எடுக்கக் குனிந்தாள்.

"தேங்காய்க்கும் சாசி இருக்கு. தொடாத" என்றார்.

"அப்பனுக்கேத்த பொண்ணு" என்று யாரோ சிரித்தார்கள்.

யோசினா சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஒரு கால் செருப்பைக் கழற்றினாள். இருப்பதே அந்த ஒரு ஜோடிதான் என்று அம்மா முணுமுணுத்தாள்.

தண்ணீரில் விட்ட செருப்பு நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போய்விடு, போய்விடு என்று யோசினா மனதுக்குள் கெஞ்சினாள்.

செருப்பு மெல்லத் திரும்பியது. நகர்ந்தது. தென்னங்குருத்துக் கழியைத் தாண்டி, ஓடம் மிதந்த அதே பாறையில் போய் ஒட்டிக்கொண்டது.

பர்னபாஸ் ஓடம் கட்டும் கரைக் கட்டையில் தொங்கிய கயிற்று நுனியைத் தடவிப் பார்த்தார். வெட்டுப்படாமல் நார் நாராக நைந்திருந்தது.

"ஓடத்தக் குடுத்துருங்க. இது கடல் செஞ்ச வேல" என்றார்.

அப்பா செருப்பை எடுத்துவரத் தண்ணீரில் கால் வைத்தார்.

"எங்க கெளம்பிட்ட? சாசி இருக்குய்யா" என்றார் பர்னபாஸ்.

அப்பா சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

மறுநாளும் மழை. யோசினா ஒற்றைச் செருப்போடு பள்ளிக்குப் போனாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ரூபன், இன்னொன்று எங்கே என்று கேட்டான்.

"சாசிக்குள்ள இருக்கு. திறக்குறப்போ மீனோட சேர்ந்து வரும்."